முல்லைத்தீவுக் கடலில் நங்கூரம் போட நினைக்கும் பிள்ளைகளுக்கு

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் பாய்ப்படகு ஓட்டப் பழகிய தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



ஊருக்கு வந்து போகும்போது உங்களில் சிலர் ஆசையோடு ஒரு கேள்வி கேட்கிறீர்கள். விமானத்தில் இல்லாமல் சொந்தப் படகிலேயே வன்னிக்கு வரலாமா, முல்லைத்தீவுக்கு நேரே நங்கூரத்தைப் போட்டுவிட்டு அம்மம்மாவின் காணிக்கு நடந்து போகலாமா என்று. நல்ல ஆசைதான். அந்த ஆசையில் பெருமையும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது. நீங்கள் வரவேண்டும் என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். ஆனால் படகை எங்கள் கரைக்கு முன்னால் தனியே விட்டுவிட்டு ஊருக்குள் போகாதீர்கள். அதற்கு இடம் திருகோணமலை. இதை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. காரணம் தெரிந்தால் நீங்கள் கோபிக்கமாட்டீர்கள் என்பதால் விரித்து எழுதுகிறேன்.

கடல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சுண்டிக்குளத்திலிருந்து கொக்கிளாய் வரை கரை ஏறக்குறைய ஒரே கோடாக வடகிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. காற்றை மறைக்க ஒரு முனை இல்லை, அலையை உடைக்க ஒரு தீவு இல்லை, அணை கட்டிய துறைமுகமும் இல்லை. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று களப்புகள் இருக்கின்றன. உள்ளே நீர் அசையாமல்தான் கிடக்கும். ஆனால் களப்பின் வாய் நிலையானதல்ல. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து அடைத்துவிடும். மாரி வெள்ளம் முட்டியதும் உடைத்துக்கொண்டு பாயும். போன வருடம் வள்ளம் போய்வந்த பாதையில் இந்த வருடம் மணல்திட்டு நிற்கும். இரண்டு மீற்றருக்குக் கீல் இறங்கிய உங்கள் படகு அதற்குள் நுழைய வழியே இல்லை. வெளியே, திறந்த கடலில்தான் நிற்க வேண்டும்.

திறந்த கடல் என்றால் காற்றின் தயவு. ஐப்பசி பிறந்ததும் வாடை தொடங்கிவிடும். தை வரைக்கும் காற்றும் அலையும் கரையை நோக்கியே வரும். அந்த நாட்களில் நங்கூரம் இழுபட்டால் படகு போய்ச் சேரும் இடம் மணல்தான். சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும் கதை வேறு. சோளகமும் கச்சானும் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் நீர் தட்டையாக இருக்கும். பார்க்க நல்ல இடம் மாதிரித்தான் தெரியும். ஆனால் அப்போது நங்கூரம் விட்டுப்போனால் ஆளில்லாத படகு வங்காள விரிகுடாவுக்குள் போய்விடும். கரையில் நிற்கும் ஒருவர் அதைக் காணும்போது எங்கள் வெளியிணைப்பு இயந்திரங்களின் எரிபொருளுக்கு எட்டாத தூரத்தில் நிற்கும்.

2006 மார்கழியில் இந்தக் கரையில் ஒரு பெரிய கப்பல் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்காது. ஃபாரா-3 என்ற ஜோர்தானியக் கப்பல், 14,000 தொன் அரிசியோடு இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரம் பழுதாகி எங்கள் கடலில் நங்கூரம் போட்டது. வாடைக் கடல் உச்சத்தில் நின்ற நேரம். கப்பலிலிருந்தவர்கள் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். கப்பல் மணலில் ஏறியது. நங்கூரம் எப்படிக் கைவிட்டது என்பதில் போரின் இரு தரப்பும் இரண்டு கதை சொன்னார்கள். அதற்குள் நான் போகவில்லை. கப்பல் ஏறிய இடத்தில் அதை மறுபடி கடலுக்குள் இழுக்க ஒருவராலும் முடியவில்லை. போர் முடிந்த பின்னும் சில வருடம் அந்த இரும்புக்கூடு கரையிலேயே நின்று துருவேறியது; தெற்கிலிருந்து பேருந்தில் வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். அத்தனை பெரிய இரும்புக்கே அந்தக் கதி என்றால், பன்னிரண்டு மீற்றர் பைபர் படகு அந்த அலையில் ஒரு இரவு தாங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2009 மாசி முதல் வைகாசி வரை, சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஒழுங்கு செய்த கப்பல்கள் போரில் காயப்பட்டவர்களை ஏற்றிப்போகப் புதுமாத்தளனுக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் அப்பால் வந்து நின்றன. ‘கிறீன் ஓஷன்’ என்ற பெயரை அந்தக் கரையில் இருந்தவர்கள் மறக்கவில்லை. கப்பல் கரைக்கு வர முடியாது. அது வெளியே நிற்கும். கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளில்தான் ஆட்களைக் கொண்டுபோக வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நின்று படகின் இரு பக்கத்தையும் பிடித்துக்கொள்ள, இரண்டு அலைக்கு இடையில் காயக்காரரைத் தூக்கி வைக்க வேண்டும். பிறகு கடலில் ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏற்ற வேண்டும். வயிற்றில் காயத்தோடு இருந்தவருக்கு அந்த ஏற்றமும் இறக்கமும் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். உறவினரையும் சேர்த்து 13,000 பேருக்கு மேல் அப்படித்தான் கடல் வழியாக வெளியேறினார்கள். அவர்களை ஏற்றிய படகோட்டிகளில் எத்தனையோ பேர் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார்கள். தங்கள் வாயால் அதைச் சொல்லிக்கொள்ளமாட்டார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுதல். முள்ளிவாய்க்காலுக்கும் மாத்தளனுக்கும் நேரே உல்லாசமாக நங்கூரம் போடாதீர்கள். எந்த மாதமானாலும் வேண்டாம். கடந்து போகும்போது பாட்டை நிறுத்திவிட்டுப் போங்கள். கும்பிட விரும்பினால் தரை வழியாக வந்து, கரையில் நின்று எங்களோடு சேர்ந்து கும்பிடுங்கள்.

எங்கள் ஆட்கள் இந்தக் கரையில் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நங்கூரத்தை நம்பி அல்ல. படகைக் கரைக்கு ஏற்றிவிடுவார்கள். ஒரு நாள் விடிய கள்ளப்பாட்டுக் கரையில் நின்று பாருங்கள். வலை ஏற்றிவரும் பைபர் படகு அலை உடையும் இடத்துக்குச் சற்று வெளியே வந்து நிற்கும். இயந்திரம் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் இருப்பவர் கரையைப் பார்க்கமாட்டார். தோளுக்கு மேலாகக் கடலைத்தான் பார்ப்பார். பெரிய அலைகள் இரண்டு மூன்று போகும் வரை பொறுப்பார். அவை போனதும் கைப்பிடியை முழுதாக முறுக்கி, உடையப்போகும் அலையின் முதுகிலேயே ஏறிவருவார். அலையை முந்தினால் அணியம் குத்திப் படகு புரளும். பிந்தினால் அடுத்த அலை பின்னால் ஏறி நிரப்பிவிடும். மணல் தட்டுவதற்கு ஒரு கணம் முன்னர் இயந்திரத்தை நிறுத்தி மேலே தூக்குவார்; இல்லையென்றால் விசிறி முறிந்துவிடும். கரையில் நிற்பவர்கள் அதற்குள் கயிற்றைப் பிடித்திருப்பார்கள். எண்ணிச் சொன்னால் பத்துப் பதினைந்து செக்கன் வேலை. இந்தக் கரையில் அதுதான் துறைமுகத்துக்குள் நுழைவது. ஐந்து ஆறு தொன் எடையும் ஆழமான கீலும் உள்ள படகில் இதைச் செய்ய முடியாது.

அன்னபூரணியைச் சொல்லி என்னை மடக்குவீர்கள் என்று தெரியும். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்தப் பாய்க்கப்பலை, சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் வாங்கினார். எங்கள் மாலுமிகள் அதை ஓட்டிப்போய் 1938 ஓகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். உங்கள் படகுகளில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் வல்வெட்டித்துறைக்கும் துறைமுகம் கிடையாது. கற்பாருக்கு அப்பால் கப்பலை நிறுத்தி, வள்ளத்தில்தான் சரக்கை ஏற்றி இறக்கினார்கள். வாடை பிறக்க முன்னர் கப்பல்களை ஊர்காவற்றுறை ஒதுக்குக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். ஒதுக்கு இல்லாத கரையில் மாரியைக் கழிக்க அவ்வளவு தேர்ந்த தண்டயல்மாரும் துணியவில்லை.

இனி வரும் வழி. வெளிநாட்டுப் படகு முதலில் அறிவிக்கப்பட்ட துறைமுகத்துக்கே வர வேண்டும். காலி, கொழும்பு, திருகோணமலை மூன்றிலும் உங்களுக்குப் பொருத்தம் திருகோணமலை. உலகத்தின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, எந்தக் காற்றுக்கும் ஒதுங்க மூலை உண்டு. முகவர் ஒருவரை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். மஞ்சள் கொடியை ஏற்றி, வி.எச்.எஃப். 16இல் துறைமுகத்தைக் கூப்பிட்டு, சொல்லும் இடத்தில் நில்லுங்கள். குடிவரவு, சுங்க வேலை முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது. அதன் பிறகு படகை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வாருங்கள். புல்மோட்டை தாண்டி, கொக்கிளாய், நாயாறு வழியாக முல்லைத்தீவுக்கு வரும் தெரு, கடலில் நீங்கள் காணமுடியாத பலதைக் காட்டும்.

எவ்வளவு சொன்னாலும் ஒரு நாளாவது எங்கள் கடலில் பாய் விரிக்க வேண்டும் என்று சிலர் நிற்பீர்கள். சரி. திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவு கடல்வழியில் ஏறத்தாழ 50 கடல்மைல்; ஐந்து நொட் வேகத்தில் பத்து மணித்தியாலம். சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில், துறைமுக அனுமதியும் கடற்படைக்குத் தகவலும் கொடுத்த பிறகு வாருங்கள். புறாத்தீவுப் பக்கம் முருகைக்கல்லின் மேல் நங்கூரம் போடாதீர்கள். அது 2003 முதல் தேசியப் பூங்கா, ஒரு சங்கிலி உருண்டு உடைக்கும் கல் உங்கள் ஆயுளில் திரும்ப வளராது. எங்கள் பக்கம் வந்ததும் தூய மணல் பார்த்துப் போடுங்கள். கறுத்துத் தெரியும் இடம் சாதாளை. நங்கூரம் அதன் மேல் வழுக்கிக்கொண்டே போகும், மணலைப் பிடிக்காது.

கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐந்து மீற்றர் நீர், அணியம் ஒரு மீற்றர் உயரம் என்றால் ஆறு மீற்றர். ஏழு மடங்கு 42 மீற்றர் விட வேண்டும். பிரித்தானியக் கரையிலும் பிரான்ஸின் வடமேற்குக் கரையிலும் பழகியவர்கள் பத்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும் கடலுக்குக் கணக்குப் போட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே வற்றும் பெருக்கும் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. அதை நம்பிக் கயிற்றைக் குறைக்காதீர்கள். படகைத் தூக்கிப்போடுவது இங்கே அலைதான். நங்கூரத்தைப் போட்ட பின் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கரையில் ஒரு பனையையும் அதன் பின்னால் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டும் விலகினால் படகு நகர்கிறது. எங்கள் ஆட்கள் வலை படுத்த இடத்தைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான், ஜி.பி.எஸ். வந்த பிறகும். படகில் எப்போதும் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். பொழுது சாயமுன் கிளம்பிவிடுங்கள்.

பொழுது சாயமுன் என்று சொல்வது காற்றுக்காக மட்டும் அல்ல. மாலையில் எங்கள் படகுகள் வலை படுக்கப் போகும். இருட்டில் வலையின் மேல் மிதப்பது ஒரு வெற்றுப் போத்தல், ஒரு கான், ஒரு கம்பில் கறுப்புத் துணி. உங்கள் விசிறியில் அது சுற்றினால் உங்களுக்கு ஒரு இரவுத் தொல்லை. வலைக்காரருக்கு ஒரு பருவத்துக் கடன். இந்தியாவிலிருந்து வரும் இழுவைமடிகள் அறுத்துக்கொண்டு போவது ஏற்கெனவே போதும். சுற்றிவிட்டால் வெட்டாதீர்கள். இயந்திரத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, விடியும்வரை நில்லுங்கள். வலைக்காரர் வருவார், அவரே இறங்கி மூச்சுப் பிடித்து அவிழ்த்துத் தருவார். அறுந்ததற்குரியதைக் கையில் கொடுத்து, பெயர் கேட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போங்கள். கரைவலையும் நீங்கள் வரும் அதே பருவத்தில்தான் நடக்கிறது. வலையைப் பெரிய வளைவாகக் கடலுக்குள் விட்டு, இரு நுனியையும் கரையிலிருந்து இழுப்பார்கள். அந்த வளைவுக்குள் நங்கூரத்தோடு ஒரு படகு நின்றால் அன்றைக்கு அத்தனை குடும்பத்துக்கும் உலை இல்லை. கரையில் யாராவது சாரத்தைக் கழற்றி வீசிக் காட்டினால் வரவேற்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், விலகச் சொல்கிறார்கள்.

மேற்குக் கரை வேறு உலகம். கிளிநொச்சி மாவட்டத்துக்கு உண்மையிலேயே ஒரு தீவும் அதற்கொரு துறையும் உண்டு: இரணைதீவு. நாச்சிக்குடா, வலைப்பாடு, கிராஞ்சிப் பக்கம் கடல் கரையிலிருந்து வெகுதூரம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையில்தான் கிடக்கும். கடலட்டைப் பண்ணைகளின் வேலிக் கம்புகளும் இப்போது நிறைய. கிராஞ்சி இலவன்குடாவில் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். கீல் வைத்த படகு அங்கே வேண்டவே வேண்டாம்.

தீவுக்குப் போக விரும்பினால் இரணைதீவுச் சனத்தின் படகில், அவர்கள் கேட்கும் கூலி கொடுத்துப் போங்கள். 1992இல் இடம்பெயர்ந்த அந்தச் சனம் கால் நூற்றாண்டு முழங்காவில் இரணைமாதா நகரிலிருந்து தங்கள் தீவைத் தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. 2017 மே 1ஆம் திகதி போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருடம் ஆகியும் பதில் வராததால் 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் வெள்ளைக் கொடி கட்டி, பெண்களும் கிழவர்களுமாகத் தாங்களே போய் இறங்கினார்கள். கடற்படை தடுக்கவில்லை. சிதைந்த வீடுகளுக்கு நடுவே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதமே அரசு மீளக் குடியேற இணங்கியது. நான் அறிந்தவரையில் இந்தக் காலத்தில் எங்கள் கடலில் நடந்த மிகத் துணிச்சலான தரையிறக்கம் அதுதான். அந்தத் தீவின் துறையில் வேறு படகைக் கட்டிவைத்து இடத்தை அடைக்கக் கூடாது. அரிசி, ஐஸ், எண்ணெய், காய்ச்சல்காரக் குழந்தை எல்லாம் ஏறி இறங்குவது அங்கேதான்.

மறுபடி எங்கள் கரைக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்காலுக்கு அப்பால் ஒரு படகு தத்தளிப்பதை எங்கள் தொழிலாளர்கள் கண்டார்கள். மியன்மாரிலிருந்து தப்பிவந்த ரோகிஞ்சா மக்கள், நூறு பேருக்கு மேல், குழந்தைகளும் கர்ப்பிணிகளுமாக. ஊர்ச்சனம் சாப்பாடும் தண்ணீரும் கொண்டு ஓடியது. ஆனால் அவர்களை இறக்க இங்கே இடம் இருக்கவில்லை. கடற்படை திருகோணமலைக்குக் கொண்டுபோய்த்தான் இறக்கியது. கடலில் வாடிவந்த ஒருவருக்குக் கை கொடுத்து இறக்க ஒரு துறை இல்லாதது எங்களுக்கு எவ்வளவு வலி என்று அன்றைக்கு விளங்கியது.

அதனால்தான் உங்களில் வசதியுள்ளவர்கள் முல்லைத்தீவில் பாய்ப்படகுத் தரிப்பிடம் ஒன்று கட்டலாமே என்று பேசும்போது நான் ஆம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் நிற்கிறேன். துறை வேண்டும். முதலில் வள்ளங்களுக்கும் பைபர் படகுகளுக்கும் வேண்டும். ஆனால் மணல் ஓடும் கரையில் கணக்கில்லாமல் கல்லைக் கொட்டினால் என்ன நடக்கும் என்று அம்பாறை ஒலுவிலில் பார்த்துவிட்டோம். 2013இல் திறந்த அந்தத் துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. அணைக்கு வடக்கே கரையைக் கடல் தின்றது. தென்னையும் வாடியும் காணியும் போயின. அலைதடுப்பு அணை ஒரு பக்கம் மணலைப் பிடித்துவைத்தால் மறுபக்கத்து ஊர் அதை இழக்கும். கொக்கிளாயிலும் நாயாற்றிலும் அப்படி ஒன்று நடந்தால் களப்பின் இறாலும் போய்விடும்.

உங்களில் கரையோரப் பொறியியல் படித்தவர்கள் இருப்பீர்கள். நெதர்லாந்திலும் நோர்வேயிலும் அதே வேலை பார்ப்பவர்களும் இருப்பீர்கள். நீங்கள் வரும்போது படகை விட்டுவிட்டு வாருங்கள். உரிய திணைக்களங்களின் அனுமதியோடு, ஒரு வாடையும் ஒரு சோளகமும் முழுதாக இங்கே நின்று, மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று அளந்து தாருங்கள். நாயாற்று வாயில் தொடங்கலாம். எங்கே மணல் முதலில் ஏறும், எந்த வெள்ளத்துக்கு வாய் எந்தப் பக்கம் உடையும் என்பதைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்கள் நின்ற இடத்திலேயே கையால் காட்டுவார்கள். இதுவரை யாரும் அதை எழுதி எடுக்கவில்லை என்ற குறை அவர்களுக்கு உண்டு. கருவியும் கணக்கும் உங்களுடையதாக இருக்கட்டும். வள்ளமும் தண்டயலும் நாங்கள் தருகிறோம், தங்க இடமும் சாப்பாடும் கூட.

அன்புடன்,
முல்லைத்தீவுக் கரையிலிருந்து உங்கள் அண்ணன்